சாகோஸ் கடலும் சாகோஸ் மக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோர இளைஞர்களுக்குக் கடல் சட்டம் பற்றி வகுப்பு எடுக்கும்போதெல்லாம் நான் முதலில் கையில் எடுப்பது சாகோஸ் தீவுகளின் வழக்கைத்தான். மீன்வளம், இயற்கைப் பாதுகாப்பு, அந்தக் கடலோடு வாழ்ந்த மக்களின் உரிமை என மூன்றும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட வழக்கு அது. ஒவ்வொரு வகுப்பிலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் எளிதாக இருக்கும். பின்னால் வரும் பதில்களில் முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

1. சாகோஸ் எங்கே இருக்கிறது? பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

கன்னியாகுமரியிலிருந்து தெற்கே, சற்று மேற்காகச் சாய்ந்து, சுமார் 1,800 கிலோமீட்டர் போனால் சாகோஸ் வரும். லட்சத்தீவும் மாலத்தீவும் அமைந்திருக்கும் அதே கடலடித் தொடரின் தென்முனை அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு பவளத்தீவுகள். எல்லாவற்றையும் கூட்டினாலும் நிலம் ஏறக்குறைய 60 சதுர கிலோமீட்டர்தான். அவற்றில் பெரியது டீகோ கார்சியா. நடுவில் ஒரு காயலை அணைத்தபடி வளைந்து கிடக்கும் தீவு. அமெரிக்காவின் பெரிய ராணுவத் தளம் அங்கேதான் இருக்கிறது.

நிலம் இவ்வளவு சிறியது என்றாலும், அதைச் சுற்றியுள்ள கடல் சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. இந்த வழக்குகள் அத்தனையும் அந்தக் கடலைச் சுற்றித்தான் நடக்கின்றன.

2. யாரும் வாழாத தீவுகள் என்றுதானே சொல்கிறார்கள்? உண்மையில் மக்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து தென்னை வளர்த்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். தென்னிந்தியர்களும் அவர்களில் உண்டு. மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்து வியந்தவர்களுக்கு அந்தப் பயணத்தின் இன்னொரு கிளை சாகோஸுக்கும் போனது புதிதாக இருக்கலாம். தீவுகளின் முக்கிய ஏற்றுமதிச் சரக்கு கொப்பரை. ஐரோப்பிய மொழிகள் அந்தச் சொல்லையே நம் மேற்குக் கரையிலிருந்துதான் எடுத்துக்கொண்டன.

1960-களுக்குள் அங்கே ஐந்து தலைமுறைக்குக் குறையாத குடும்பங்கள் இருந்தன. தங்களுக்கென ஒரு கிரியோல் பேச்சு, தேவாலயம், கல்லறைத் தோட்டம், வீட்டுக்கு வீடு நாய், கோழி. தேங்காய்ப்பாலில் வேகும் மீன் குழம்பை அவர்கள் 'செராஸ்' என்பார்கள்; இன்று லண்டன் அருகே வாழும் பேத்திகளும் அதைத்தான் சமைக்கிறார்கள். மக்கள்தொகை 1,500-க்கும் 2,000-க்கும் இடையே இருந்தது.

3. அவர்களை எதற்காக, எப்படி வெளியேற்றினார்கள்?

அப்போது சாகோஸ், பிரிட்டனின் காலனியான மொரிஷியஸோடு சேர்ந்திருந்தது. மொரிஷியஸுக்கு விடுதலை தருவதற்கு முன்பே, 1965 நவம்பர் 8 அன்று, பிரிட்டன் சாகோஸைத் தனியே வெட்டியெடுத்துப் 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி' என்று பெயர் சூட்டியது. அடுத்த ஆண்டே டீகோ கார்சியாவை அமெரிக்கா தளமாகப் பயன்படுத்த ஒப்பந்தம் ஆனது. ஆட்கள் இல்லாத தீவாக ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 'நிரந்தரக் குடிகள் இல்லை, ஒப்பந்தக் கூலிகள்தான்' என்று காகிதத்தில் எழுதிவைத்தார்கள்.

1967 முதல் 1973 வரை படிப்படியாக நடந்தது. சிகிச்சைக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரிஷியஸ் போனவர்களைத் திரும்பக் கப்பல் ஏற்றவில்லை. தீவுக்கு வரும் உணவுப் பொருள்கள் குறைந்தன. 1971-இல் டீகோ கார்சியாவின் நாய்களை எல்லாம் இறைச்சித் துண்டு காட்டிக் கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே செலுத்திக் கொன்றார்கள். குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது நாம்தான் என்று அவர்கள் நினைத்ததாகப் பின்னாளில் பலர் சொல்லியிருக்கிறார்கள். மிஞ்சிய குடும்பங்களைச் சரக்குக் கப்பலில் ஏற்றி மொரிஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள்.

இழப்பீடு என்று 1982-இல் பிரிட்டன் 40 லட்சம் பவுண்டு தந்தது. பெற்றுக்கொண்டவர்கள் உரிமைகளைக் கைவிடுவதாக ஒரு தாளில் ஒப்பமிட வேண்டியிருந்தது. ஆங்கிலச் சட்ட மொழியில் எழுதிய தாள் அது. எழுதப் படிக்கத் தெரியாத பலர் பெருவிரல் ரேகை வைத்தார்கள். அதில் என்ன இருந்தது என்று தெரியாது என அவர்கள் பின்னர் நீதிமன்றத்தில் சொல்லியும், அந்தத் தாள் இன்றுவரை அவர்களைத் துரத்துகிறது.

4. 12 மைல், 200 மைல் என்கிறீர்களே, அது என்ன கணக்கு? கடலை எப்படிப் பங்கு போடுகிறார்கள்?

1982-இல் கையெழுத்தாகி 1994-இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைதான் அடிப்படை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் ஆட்சிக்கடல். 200 கடல் மைல் வரை பிரத்தியேகப் பொருளாதார மண்டலம். அங்கே மீனும் எண்ணெயும் கனிமமும் கரைநாட்டுக்கு உரியவை, கப்பல் போக்குவரத்து எல்லோருக்கும் பொது. அதைத் தாண்டினால் யாருக்கும் சொந்தமில்லாத திறந்த கடல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். உரிமை முழுவதும் 'கரைநாடு' என்ற சொல்லில் தொங்குகிறது. விரல் நுனி அளவு தீவு கையில் இருந்தால் பல லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் கூடவே வரும். உரிமையோடு கடமையும் உண்டு: கடல் சூழலைக் காப்பது எல்லா நாடுகளின் கடமை என்று 192-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நீண்ட உடன்படிக்கையில் பூர்வகுடிகள் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

5. 2010-இல் பிரிட்டன் அந்தக் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாகத்தானே அறிவித்தது? மீன் பிடிக்கக் கூடாது என்றால் கடலுக்கு நல்லதுதானே?

வகுப்பில் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான், அதுவும் நல்ல மனதோடு. 2010 ஏப்ரல் 1 அன்று சாகோஸ் கடலில் ஏறக்குறைய முழுவதிலும் மீன்பிடிப்பைத் தடைசெய்து பிரிட்டன் அறிவிப்பு வெளியிட்டது. அந்த நேரத்தில் உலகிலேயே பெரிய மீன்பிடித் தடைப் பகுதி அது. சூரை மீன் பிடிக்க வந்த வெளிநாட்டுக் கப்பல்களின் உரிமங்கள் அந்த ஆண்டோடு முடிந்தன. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆதரவுக் கையெழுத்திட்டார்கள். பெரும்பாலும் இணையம் வழியாக, உலகெங்கிலுமிருந்து.

தவறு எங்கே என்றால், தடை விரிக்கப்பட்ட விதத்தில். ராணுவத் தளம் இருக்கும் டீகோ கார்சியாவையும் அதை ஒட்டிய கடலையும் கவனமாக வெளியே விட்டார்கள். தளத்தில் இருப்பவர்கள் தூண்டில் போடலாம். தளக் கப்பல்களின் கழிவுநீர் பல ஆண்டுகளாக அந்தக் காயலில் விடப்பட்டது 2014-இல் வெளியே வந்தது. இன்னொரு பக்கம், தீவுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்குத் திரும்பினாலும் பிழைக்க ஒரு மீன் கூடப் பிடிக்க முடியாத நிலை உண்டானது. அறிவிப்புக்கு முந்தைய ஆண்டு பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அமெரிக்கத் தூதரகத்தினரிடம், தீவுகளில் மனிதக் காலடிகள் இருக்காது, இந்தப் பாதுகாப்புப் பகுதி பழைய குடிகளின் மீள்குடியேற்றக் கோரிக்கையை முடித்துவைக்கும் என்ற பொருளில் பேசியதாகத் தூதரகக் குறிப்பு ஒன்று பின்னர் கசிந்தது. அதை முதலில் படித்த நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. பவளப்பாறையின் மீது உண்மையான அன்பு கொண்டு கையெழுத்திட்ட அத்தனை பேரையும் ஒரு பூட்டாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

6. அதை எதிர்த்து வழக்குப் போட்டது யார்? தீர்ப்பு என்ன?

வழக்குப் போட்டது மொரிஷியஸ் அரசு, 2010 டிசம்பரில், கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் அமையும் நடுவர் மன்றத்தில். ஐந்து நடுவர்கள். 2015 மார்ச் 18 அன்று தீர்ப்பு வந்தது: பாதுகாப்புப் பகுதியை அறிவித்த விதம் உடன்படிக்கையின் 2(3), 56(2), 194(4) பிரிவுகளை மீறியது.

எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதுதான் படிக்க வேண்டிய இடம். 1965-இல் தீவுகளைப் பிரிக்கும்போது லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் மொரிஷியஸ் தலைவர்களுக்குப் பிரிட்டன் சில வாக்குறுதிகள் தந்தது. பாதுகாப்புத் தேவை முடிந்ததும் தீவுகள் திருப்பித் தரப்படும், இயன்றவரை மீன்பிடி உரிமை தொடரும், எண்ணெயோ கனிமமோ கிடைத்தால் பலன் மொரிஷியஸுக்கு. அவை வெறும் அரசியல் பேச்சு என்று பிரிட்டன் வாதிட்டது. நடுவர் மன்றம் அவை சட்டப்படி கட்டுப்படுத்தும் என்றது. தன் மண்டலத்தில் ஒரு நாடு எதைச் செய்தாலும் பிறர் உரிமைகளுக்கு 'உரிய மதிப்பு' தர வேண்டும் என்பது 56(2). அப்படி மதிப்புத் தருவதென்றால் முன்கூட்டி விவரம் தந்து, உட்கார்ந்து பேசி, மாற்று வழிகளை எடைபோட வேண்டும். அமெரிக்காவோடு பிரிட்டன் அப்படித்தான் நடந்துகொண்டது. மொரிஷியஸோடு அப்படி நடக்கவில்லை. இந்த வேறுபாட்டை நடுவர்கள் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார்கள்.

பாதுகாப்புப் பகுதி நல்லதா கெட்டதா என்பதற்குள் தாங்கள் போகவில்லை என்றும் அவர்கள் சொன்னார்கள். மீன்களைக் காப்பது தவறு என்று அந்தத் தீர்ப்பில் எங்கும் இல்லை. உரிமை உள்ளவரிடம் கேட்காமல் காத்தது தவறு. சாகோஸின் உண்மையான 'கரைநாடு' எது என்ற கேள்வியில் மட்டும் மூவர் எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று ஒதுங்க, இருவர் மாறுபட்டு எழுதினார்கள்.

7. அப்படியானால் சாகோஸ் மக்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. ஆறாம் கேள்வியின் பதிலை மறுபடி பாருங்கள்: வாதி மொரிஷியஸ், பிரதிவாதி பிரிட்டன். சாகோஸியர் கட்சிக்காரராகவே இல்லை. கடல் சட்ட மன்றங்களின் கதவு நாடுகளுக்குத்தான் திறக்கும். வீட்டை இழந்தவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, தன் வீட்டைப் பற்றி இருவர் வாதாடுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அவர்கள் நேரடியாகப் போன இடம் பிரிட்டிஷ் நீதிமன்றங்கள். 2000-இல் ஒலிவியே பாங்கூல் தலைமையில் வென்றார்கள். வெளியேற்றிய ஆணை சட்டவிரோதம் என்றது தீர்ப்பு. 2004-இல் அரசு நாடாளுமன்றத்தில் வைக்காமலேயே அரசாணை மூலம் அவர்கள் திரும்பும் உரிமையைப் பறித்தது. 2008-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றார்கள். 2012-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. 1982-இன் அந்தத் தாள் அங்கேயும் குறுக்கே வந்தது.

8. சர்வதேச நீதிமன்றமும் ஏதோ சொன்னதாக நினைவு. அது வேறு வழக்கா?

வேறு. ஐ.நா. பொதுச்சபை கேட்டதற்கு தி ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 25 அன்று ஆலோசனைக் கருத்து தந்தது. மொரிஷியஸின் காலனி நீக்கம் சட்டப்படி முழுமையாகவில்லை, பிரிட்டன் தன் நிர்வாகத்தை விரைவாக முடித்துக்கொள்ள வேண்டும் என்று 13-க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. அதே ஆண்டு மே மாதம் பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆதரித்தன, இந்தியாவும் உட்பட; எதிர்த்தவை ஆறு. ஆலோசனைக் கருத்து யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் 2021-இல் மாலத்தீவுடனான கடல் எல்லை வழக்கில் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு இந்தக் கருத்தை ஆதாரமாக எடுத்து மொரிஷியஸையே உரிய நாடாகக் கொண்டது. மக்களின் மீள்குடியேற்றத்தைப் பற்றி தி ஹேக் சொன்னது ஒன்றுதான்: அது மனித உரிமைப் பிரச்சினை, பொதுச்சபை கவனிக்க வேண்டும்.

9. ஆனால் அவர்கள் பூர்வகுடிகளே இல்லையே? 200 ஆண்டுக்கு முன்பு குடியேறியவர்கள்தானே?

சட்ட மாணவர்கள் விரும்பிக் கேட்கும் கேள்வி. ஆதியிலிருந்தே அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள்தான் பூர்வகுடி என்று கொண்டால், ஆளில்லாத தீவுக்குப் பிறரால் கொண்டுவரப்பட்டவர்கள் அதில் சேர மாட்டார்கள் என்று வாதிடலாம். பிரிட்டன் அப்படித்தான் வாதிட்டது. ஆனால் 2007-இல் பொதுச்சபை ஏற்ற பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்தில் 'பூர்வகுடி' என்பதற்கு வரையறை இல்லை. வேண்டுமென்றேதான் விட்டார்கள், அரசுகள் வரையறையைக் கத்தரிக்கோலாகப் பயன்படுத்தும் என்று அந்த மக்களின் பிரதிநிதிகள் அஞ்சினார்கள். சாகோஸ் அந்த அச்சம் நியாயமானது என்று காட்டுகிறது.

அடிமைச் சங்கிலியோடு கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகளைப் பார்த்து 'நீங்களாக வந்தவர்கள்தானே' என்று சொல்வது கொடுமை என்பது என் கருத்து. அந்தத் தீவுகளில் அவர்களுக்கு முன் இன்னொரு குடி கிடையாது. மேலும், உயிரியல் பன்மய உடன்படிக்கையின் 8(ஜே) பிரிவு 'பூர்வகுடிகளும் உள்ளூர்ச் சமூகங்களும்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. முதல் சொல்லில் சண்டை என்றால் இரண்டாவது சொல்லில் இடம் இருக்கிறது.

10. கடலிலும் மக்களுக்கு உரிமை உண்டு என்று எந்த ஆவணத்தில் இருக்கிறது? நிலத்துக்குத்தானே சொல்வார்கள்?

ஒன்பதாம் பதிலில் சொன்ன பிரகடனத்தின் 25-ஆம் பிரிவு நிலத்தோடு நீர்நிலைகளையும் கரையோரக் கடலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 10-ஆம் பிரிவு வலுக்கட்டாய வெளியேற்றத்தைத் தடுக்கிறது. 32-ஆம் பிரிவு, வளங்களைப் பாதிக்கும் திட்டங்களுக்கு முன்கூட்டிய, சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிரகடனம் ஒப்பந்தம் இல்லை. மீறினால் தண்டனை கிடையாது.

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஏற்ற உயிரியல் பன்மய இலக்குகள் இன்னும் நேரடியானவை. 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்பது மூன்றாம் இலக்கு. அதே வாக்கியத்துக்குள்ளேயே பூர்வகுடிகள், உள்ளூர்ச் சமூகங்களின் உரிமைகளை மதிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. 30 என்ற எண்ணை அமைச்சர்கள் மேடையில் சொல்கிறார்கள். வாக்கியத்தின் பின்பாதியைக் கரையில் இருப்பவர்கள்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

11. கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினால் போதாதா? ஒப்புதல் வரை போனால் எந்தத் திட்டமும் நகராதே?

நகரும், கேட்கும் முறை சரியாக இருந்தால். இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

நியூசிலாந்தில் 1992-இல் மாவோரிகளோடு மீன்வளத் தீர்வு ஒன்று ஏற்பட்டது. பெரிய மீன் நிறுவனம் ஒன்றில் பாதிப் பங்கும், புதிதாக ஒதுக்கீட்டு முறைக்குள் வரும் மீன் இனங்களில் 20 விழுக்காடும் அவர்களுக்கு என்று முடிவானது. 2015-இல் அரசு, கெர்மடெக் தீவுகளைச் சுற்றி 6,20,000 சதுர கிலோமீட்டரை மீன்பிடி இல்லாத சரணாலயமாக்கப் போவதாக ஐ.நா. மேடையில் அறிவித்தது. மாவோரிகளை முன்கூட்டிக் கேட்கவில்லை. அவர்களுடைய மீன்வள அறக்கட்டளை வழக்குப் போட்டது. கூட்டணிக் கட்சிகள் பின்வாங்கின. 2024-இல் திட்டமே கைவிடப்பட்டது. கேட்காததால் கடலும் காக்கப்படவில்லை.

ஹவாயில் வேறுவிதமாக நடந்தது. பப்பஹானௌமோகுவாக்கேயா கடற்பகுதி 2016-இல் சுமார் 15 லட்சம் சதுர கிலோமீட்டராக விரிந்தது. பூர்வ ஹவாய் மக்களின் நலன் காக்கும் அமைப்பு 2017 முதல் அரசுத் துறைகளுக்குச் சமமான கூட்டுப் பொறுப்பாளராக இருக்கிறது. வணிக மீன்பிடிப்பு இல்லை. மரபுச் சடங்குகளுக்கும் பயணங்களுக்கும் அனுமதி உண்டு. ஐந்தாம் கேள்வியில் பார்த்த சாகோஸ் தடையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேட்பது வேறு, மேசையில் நாற்காலி தருவது வேறு.

12. மக்கள் இல்லாததால்தானே அங்கே பவளப்பாறை நன்றாக இருக்கிறது? அதை மறுக்க முடியுமா?

பாதி உண்மை. மீன்பிடி அழுத்தம் குறைந்த கடலில் மீன்வளம் செழிக்கும். சாகோஸின் பாறைகளில் மீன் திரள் மிக அதிகம் என்பதை ஆய்வாளர்கள் தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். அதே பாறைகள் 1998-இலும் 2015, 2016-இலும் கடல் சூடானபோது பெருமளவு வெளிறி மடிந்தன. தீவில் ஆள் இல்லாதது வெப்பத்தைத் தடுக்கவில்லை.

ஆளில்லாததால் கெட்டதும் உண்டு. கப்பல்களோடு வந்த எலிகள் பல தீவுகளில் கடற்பறவைகளின் முட்டைகளைத் தின்று அழிக்கின்றன. பறவைகள் போனால் அவற்றின் எச்சம் கடலுக்குப் போய்ச் சேராது. அந்த உரம் கிடைக்காத பாறையில் மீன் வளர்ச்சியும் குறைகிறது. எலிகளை ஒழிப்பது, கைவிடப்பட்ட தென்னந்தோப்புகளைச் சீர்செய்வது, கரையொதுங்கும் பிளாஸ்டிக்கை அகற்றுவது எல்லாம் ஆள் இருந்து செய்ய வேண்டிய வேலைகள். இவற்றைச் செய்ய அந்த மண்ணின் மக்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

13. 2025-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதே, பிரச்சினை தீர்ந்ததுதானே?

2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரிஷியஸும் கையெழுத்திட்டன. இறையாண்மை மொரிஷியஸுக்கு, டீகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுகள் பிரிட்டனின் பயன்பாட்டில், அதற்கு ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடிப் பவுண்டு. மற்றத் தீவுகளில் மொரிஷியஸ் மீள்குடியேற்றம் செய்யலாம். சாகோஸியருக்கு 4 கோடிப் பவுண்டு அறக்கட்டளை நிதி. இரு நாடுகளின் உள்நாட்டு நடைமுறைகள் முடிந்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

அன்றைய நாள் நடந்ததைச் சொல்கிறேன். டீகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள், எங்களைக் கேட்காமல் எங்கள் தீவைக் கைமாற்றுகிறார்கள் என்று லண்டன் உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். அதிகாலை இரண்டரை மணிவாக்கில் நீதிபதி இடைக்காலத் தடை தந்தார். நண்பகலில் இன்னொரு நீதிபதி தடையை நீக்கினார். சற்று நேரத்தில் கையெழுத்து ஆனது. ஏழாம் கேள்வியில் சொன்ன குறை 2025-லும் அப்படியே இருந்தது: பேசியவை இரண்டு அரசுகள். அடுத்த மாதமே ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள் சிலர், மக்களின் உரிமைகளை உறுதிசெய்யாமல் இதை ஏற்க வேண்டாம் என்று இரு நாடுகளையும் வலியுறுத்தினார்கள். இதற்காக ஒப்பந்தமே தவறு என்று நான் சொல்லவில்லை. தீவுகள் காலனியாதிக்கத்திலிருந்து மீள வேண்டும். சாகோஸியருக்குள்ளேயே வரவேற்றவர்களும் எதிர்த்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

14. தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் அங்கே பிடிபட்டதாகச் செய்தி வந்ததே? இலங்கைத் தமிழர்கள் மாட்டிக்கொண்டதும் அங்கேதானா?

ஆம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் ஆழ்கடல் சுறா, சூரை வேட்டையில் பேர்போனவர்கள். வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். சாகோஸ் மண்டலத்துக்குள் போனதாகப் படகுகள் பிடிக்கப்பட்டு அபராதம் கட்டிய நிகழ்வுகள் உண்டு. இலங்கைப் படகுகளும் பிடிபட்டிருக்கின்றன. இங்கே நான் நேராகச் சொல்லிவிடுகிறேன்: சாகோஸியருக்கு நடந்த அநியாயம் நமக்கு அங்கே மீன் பிடிக்கும் உரிமையைத் தராது. நிர்வாகம் யார் கைக்கு மாறினாலும் 200 மைல் கோடு அங்கேயே இருக்கும். படகில் ஜி.பி.எஸ். இருக்கும்போது அந்த எல்லையையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேறு கதை. 2021 அக்டோபரில் தஞ்சம் தேடிப் புறப்பட்ட இலங்கைத் தமிழர்களின் படகு பழுதாகி டீகோ கார்சியாவில் சேர்ந்தது. மூன்று ஆண்டுக்கு மேல் கூடார முகாமில் இருந்தார்கள். 2024 டிசம்பரில் பெரும்பாலோர் பிரிட்டன் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

15. மன்னார் வளைகுடாவிலும் இதே கதைதானா?

ஒப்பிடலாம், ஒன்றாக்கக் கூடாது. 1986-இல் 21 தீவுகளைச் சுற்றி 560 சதுர கிலோமீட்டர் கடல் தேசியப் பூங்கா ஆனது. யாரையும் கப்பல் ஏற்றி அனுப்பவில்லை. ஆனால் தலைமுறையாகத் தீவோரத்தில் பாசி எடுத்த பெண்களுக்கு அது தடுக்கப்பட்ட இடமானது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து கிள்ளியெடுப்பார்கள். வேரோடு பிடுங்கினால் அடுத்த முறை வளராது என்பது அவர்களுக்குச் சட்டம் வருவதற்கு முன்பே தெரியும். மாதத்தில் சில நாள்களே எடுப்பது என்று தாங்களாகவே ஊர்க் கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். எல்லைக்கோடு வரைந்தபோது அந்த அறிவைக் கேட்க யாரும் போகவில்லை. பத்தாம் பதிலில் சொன்ன 'உள்ளூர்ச் சமூகங்கள்' என்ற சொல் இவர்களையும் குறிக்கும்.

16. புதிய ஆழ்கடல் உடன்படிக்கை வந்திருக்கிறதாமே? இனி எல்லாம் மாறிவிடுமா?

2023 ஜூனில் ஏற்கப்பட்ட அந்த உடன்படிக்கை 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2024 செப்டம்பரில் கையெழுத்திட்டது. அது 200 மைலுக்கு அப்பாலுள்ள திறந்த கடலுக்கு மட்டும். சாகோஸ் கடல் அதற்குள் வராது.

ஆனாலும் ஒரு முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். நான்காம் பதிலில் பழைய உடன்படிக்கையில் பூர்வகுடிகள் என்ற சொல்லே இல்லை என்றேன். புதியதில் அது பல இடங்களில் வருகிறது. கடல் உயிரிகளின் மரபணு வளங்களைப் பற்றிய மரபறிவை அந்த மக்களின் ஒப்புதலோடுதான் எடுக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்புப் பகுதி முன்மொழியும்போது அவர்களோடு கலந்து பேச வேண்டும் என்கிறது. வாக்கு மட்டும் இன்னும் அரசுகளிடம்தான்.

17. ஐம்பது ஆண்டு ஆகிவிட்டதே, திரும்பிப் போக இன்னும் யாராவது விரும்புகிறார்களா?

விரும்புகிறார்கள், எல்லோரும் இல்லை. இன்று அவர்கள் மொரிஷியஸிலும் செஷல்ஸிலும், லண்டனுக்குத் தெற்கே காட்விக் விமான நிலையத்தை ஒட்டிய கிராலி ஊரிலும் வாழ்கிறார்கள். பிரிட்டிஷ் அரசே செய்யவைத்த ஆய்வு, மீள்குடியேற்றம் சாத்தியம் என்று 2015-இல் சொன்னது. 2016-இல் செலவையும் பாதுகாப்பையும் காரணம் காட்டி அரசு மறுத்தது.

2006 ஏப்ரலில் ஏறக்குறைய நூறு பேரைக் கப்பலில் கூட்டிப்போய்ச் சில மணி நேரம் கரையில் இறங்கவிட்டார்கள். பெற்றோரின் கல்லறைகளைத் தேடிப் புல்லையும் வேரையும் அகற்றிப் பூ வைத்தார்கள். 2022 பிப்ரவரியில் மொரிஷியஸ் அனுப்பிய கப்பலில் சிலர் பெரோஸ் பன்யோஸ் தீவில், முதன்முறையாகப் பிரிட்டிஷ் காவல் இல்லாமல், கால் வைத்து மணலை முத்தமிட்டார்கள். கொப்பரைக்காக அவர்களுடைய பாட்டன்மார் வரிசையாக நட்ட தென்னைகள் வரிசை கலைந்து காடாகியிருக்கின்றன; விழுந்த நெற்றுகளை எடுக்க ஆளில்லாமல் அவை கிடந்த இடத்திலேயே முளைத்து நிற்கின்றன.